சென்னையில் கரண்ட், கேஸ் கனெக்‌ஷன்: எந்த மனுவை எப்போது போடுவது, எந்தத் தாளை எங்கே கொடுப்பது

புது வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஃபைலைத் தூக்கிக்கொண்டு மின் வாரியப் பிரிவு அலுவலகத்துக்கும் போகிறார்கள், கேஸ் ஏஜென்ஸிக்கும் போகிறார்கள். ஆதார், வாடகை ஒப்பந்தம், இரண்டு போட்டோ. கேஸ் ஏஜென்ஸியில் அதை வைத்தே வேலை முடிந்துவிடும். ஈ.பி. ஆபீஸில் முடியாது, ஏனென்றால் அங்கே கேட்கும் கேள்வியே வேறு.

மின் இணைப்பு இடத்துக்குத் தரப்படுவது. அந்தக் கட்டடம் யாருடையது, அனுமதியோடு கட்டியதா, அதன்மேல் பழைய பாக்கி நிற்கிறதா என்று பார்ப்பார்கள். சிலிண்டர் இணைப்பு குடும்பத்துக்குத் தரப்படுவது. நீங்கள் யார், எங்கே சமைக்கிறீர்கள், வேறு எங்காவது உங்கள் வீட்டுக்கு இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குழாய் எரிவாயு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: குழாய் கட்டடத்துக்கு, கணக்கு உங்களுக்கு. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் எந்த அலுவலகத்தில் என்ன தாள் கேட்பார்கள் என்பதைப் பாதிக்கு மேல் நீங்களே ஊகித்துவிடலாம்.

1. உங்களுக்கு வேண்டியது புது இணைப்பா, பெயர் மாற்றமா?

வாடகைக்கு வருகிறவர்கள் மின்சாரத்துக்கு மனுப் போட வேண்டியதே இல்லை. வீட்டுக்காரர் பெயரில் இருக்கும் இணைப்பே போதும். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே மின் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு இலக்கம் மண்டலம் (வட சென்னை 01, தென் சென்னை 09), அடுத்த மூன்று பிரிவு அலுவலகம், அதன்பின் பகிர்மான எண், கடைசியில் சர்வீஸ் எண். மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில் இந்த எண்ணைப் போட்டால் பாக்கி எவ்வளவு, முந்தைய மாதங்களில் பில் எவ்வளவு வந்தது என்று தெரிந்துவிடும். பில்லில் கட்டண வகை '1ஏ' என்று இருக்க வேண்டும். அதுதான் வீட்டு இணைப்பு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அதற்குத்தான் உண்டு. கடை வகையிலோ தற்காலிக இணைப்பிலோ ஓடும் வீட்டில் குடியேறினால் ஒவ்வொரு பில்லிலும் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று, சப்-மீட்டர், அதாவது ஒரே இணைப்புக்குள் ஒவ்வொரு போர்ஷனின் யூனிட்டையும் பிரித்துக் காட்ட வீட்டுக்காரர் வைக்கும் மீட்டர். மேல் போர்ஷன், கீழ் போர்ஷன் இரண்டுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு வைத்திருக்கும் வீடுகள் சென்னையில் ஏராளம். இரண்டு குடும்பத்தின் யூனிட்டும் ஒரே கணக்கில் சேர்வதால் பில் மேல் அடுக்குக்குத் தாவிவிடும். யூனிட் விலை ஏறிவிடும். வாடகை பேசும்போதே யூனிட்டுக்கு என்ன கணக்கு என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பழைய ஃபிளாட் வாங்கினால் பெயர் மாற்றம் போதும். கிரயப் பத்திர நகல், அடையாள அட்டை, அதோடு பழைய உரிமையாளர் தன் டெபாசிட்டை உங்கள் பெயருக்கு மாற்றச் சம்மதிக்கும் கடிதம். இந்தக் கடிதத்தைப் பத்திரப் பதிவு நாளிலேயே, சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பணம் கைமாறிய பிறகு விற்றவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. கடிதம் இல்லையென்றாலும் பெயர் மாறும், ஆனால் டெபாசிட்டைப் புதிதாக நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

புது அடுக்ககம் என்றால் பில்டரே எல்லா வீட்டுக்கும் மொத்தமாக இணைப்பு வாங்கியிருப்பார். சாவி வாங்கும்முன் மூன்றைக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்குத் தனி இணைப்பு எண் வந்துவிட்டதா? அது இன்னும் கட்டுமானத்துக்கான தற்காலிக வகையிலேயே நிற்கிறதா? லிஃப்ட், மோட்டார், மாடிப்படி விளக்குகளுக்கு '1டி' வகையில் பொது இணைப்பு தனியாக இருக்கிறதா? பொது இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது. அந்த பில்லை எல்லா வீட்டுக்காரர்களும் பங்கிட்டுத்தான் கட்ட வேண்டும் என்பதால் மாதாந்திரப் பராமரிப்புத் தொகையை அதையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

சொந்த மனையில் கட்டியவர்களுக்கு, அல்லது ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்துத் தனி இணைப்பு கேட்பவர்களுக்குத்தான் அடுத்த மூன்று படிகள்.

2. மின்சாரம்: மனுவுக்கு முன் சுமையைக் கூட்டிப் பாருங்கள்

மனுவில் எத்தனை கிலோவாட் வேண்டும் என்று எழுத வேண்டும். இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். தமிழ்நாட்டில் 4 கிலோவாட் வரை சிங்கிள் ஃபேஸ், அதற்கு மேல் த்ரீ ஃபேஸ். இந்தக் கோடு முக்கியம், ஏனென்றால் மீட்டர், சர்வீஸ் கம்பி, மெயின் போர்டு, கட்ட வேண்டிய பணம் எல்லாமே இதை ஒட்டித்தான் மாறும்.

ஒன்றரை டன் ஏ.சி. சுமார் ஒன்றரை கிலோவாட். கீசர் 2 கிலோவாட், உடனடி வகை என்றால் 3. ஒரு குதிரைத்திறன் மோட்டார் முக்கால் கிலோவாட். இண்டக்‌ஷன் அடுப்பு 2. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, விளக்கு எல்லாம் சேர்த்து இன்னொரு ஒன்றரை என்று வையுங்கள். இரண்டு ஏ.சி.யும் ஒரு கீசரும் இருந்தாலே 4-ஐத் தாண்டிவிட்டீர்கள். இன்று ஒரே ஏ.சி., அடுத்த கோடையில் இன்னொன்று என்று திட்டமிருந்தால் இப்போதே த்ரீ ஃபேஸ் கேளுங்கள். பிறகு ஏற்றுவதென்றால் கூடுதல் சுமைக்குத் தனி மனு, கட்டண வித்தியாசம், மீட்டர் மாற்றம், வயரிங் பிரிப்பு என்று எல்லாம் இரண்டாவது முறை நடக்கும்.

அதற்காக 10 கிலோவாட் என்று அள்ளி எழுதவும் வேண்டாம். வீட்டு இணைப்புக்கு மாதாமாதம் நிலைக்கட்டணம் இல்லையென்றாலும், முதலில் கட்டும் தொகை சுமையோடு சேர்ந்து ஏறும்.

3. மின்சாரம்: தாள்களும் வயரிங்கும்

உரிமைச் சான்று: கிரயப் பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது இவற்றில் கிடைப்பதை எல்லாம் ஸ்கேன் செய்து வையுங்கள். அடையாளம்: ஆதார். இவற்றோடு பாஸ்போர்ட் அளவு போட்டோ, ஓ.டி.பி. வரும் மொபைல் எண்.

எல்லாத் தாளிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் மனு நிற்பதற்கு இதைப் போல இன்னொரு காரணம் இல்லை. பத்திரத்தில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் பின்னால், சொத்து வரியில் இன்னும் பழைய உரிமையாளர். சொத்து வரிப் பெயர் மாற்றத்தை மாநகராட்சியில் முன்கூட்டியே முடித்துவிட்டு இங்கே வருவது நல்லது. தாத்தா, அப்பா பெயரில் இருக்கும் வீடு என்றால் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டியிருக்கும்.

நீங்கள் உரிமையாளர் இல்லையென்றால் உரிமையாளர் சம்மதக் கடிதம் தர வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டின் மின் பகிர்மான விதித்தொகுப்பில் படிவம் 5 இருக்கிறது. சட்டப்படி குடியிருந்தும் உரிமையாளர் சம்மதம் தர மறுத்தால் படிவம் 6-ல் ஈட்டுறுதிப் பத்திரம் (இழப்பு வந்தால் நானே பொறுப்பு என்று எழுதித் தருவது) கொடுத்து மனுப் போடலாம். அப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது கட்டட நிறைவுச் சான்றிதழ். 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி இது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு தரக்கூடாது. சிறிய குடியிருப்புகளுக்கு விலக்கு உண்டு; 2024 திருத்தத்தில் அந்த விலக்கு 14 மீட்டர் உயரம், 8 வீடுகள், 750 சதுர மீட்டர் பரப்பு வரை விரிந்தது. இந்த மூன்றில் ஒன்றைத் தாண்டினாலும் சான்றிதழ் வேண்டும். திட்ட அனுமதியை சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கொடுத்ததா, மாநகராட்சி கொடுத்ததா என்று பார்த்து, அனுமதி கொடுத்த இடத்திலேயே சான்றிதழையும் கேட்க வேண்டும். அனுமதித்த வரைபடத்துக்கு மேல் ஒரு மாடி ஏற்றியிருந்தால் மின் இணைப்பு நிற்கப்போவது இங்கேதான். இதை ஈ.பி. ஆபீஸில் பேசித் தீர்க்க முடியாது.

உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரின் வயரிங் நிறைவு அறிக்கையும் வேண்டும். தெரிந்த எலக்ட்ரீஷியன் வேலை செய்திருந்தாலும் கையெழுத்து உரிமம் உள்ளவருடையதாக இருக்க வேண்டும். வீட்டில் சரியான எர்த்திங் இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. பொருத்தியிருக்க வேண்டும். எம்.சி.பி. இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். எம்.சி.பி. கம்பி சூடாகி எரிவதைத் தடுக்கும். ஈரக் கையோடு கீசரைத் தொட்டவர் உயிரைக் காப்பது ஆர்.சி.டி.தான்.

மீட்டர் போர்டை எங்கே வைப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ரீடிங் எடுக்க வருகிறவர் கதவைத் தட்டாமல் பார்க்கிற இடம், மழை நேரே அடிக்காத இடம், கண் மட்டத்து உயரம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் மாதிரி தண்ணீர் நிற்கும் பகுதி என்றால் 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலேதான் மீட்டரும் மெயின் சுவிட்சும் இருக்க வேண்டும். பொருத்திய பிறகு இடம் மாற்றுவதற்குத் தனி மனு, தனிக் கட்டணம்.

4. மின்சாரம்: மனுவிலிருந்து மீட்டர் வரை

மனு இணையதளத்திலேயே போடலாம். பிரிவு அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் தவறு நடக்கும். ஒரே பெயரில் கிழக்கு, மேற்கு, வடக்கு என்று பல பிரிவுகள் இருக்கும். தெருவின் இந்தப் பக்கம் ஒரு பிரிவு, எதிர்ப்பக்கம் இன்னொன்று என்றும் இருக்கும். பக்கத்து வீட்டு மின் அட்டையை வாங்கி அதிலுள்ள பிரிவு எண்ணைப் பார்த்து நிரப்புங்கள். தவறான பிரிவுக்குப் போன மனு அங்கேயே கிடக்கும்.

மனு ஏற்றதும் எண் கிடைக்கும். உதவிப் பொறியாளரோ அவர் அனுப்பும் ஆளோ வந்து இடத்தைப் பார்ப்பார். கம்பத்திலிருந்தா, தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸிலிருந்தா, தூரம் எவ்வளவு, அந்த டிரான்ஸ்ஃபார்மரில் இடம் இருக்கிறதா என்று கணக்கெடுப்பார். பிறகு பணம் கட்டச் சொல்லிக் குறுஞ்செய்தி வரும். அதில் பல தலைப்புகள் இருக்கும்: பதிவுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், மீட்டர் காப்புத்தொகை, பயன்பாட்டு டெபாசிட். சில தலைப்புகளுக்கு ஜி.எஸ்.டி.யும் சேரும். புதைவடம் உள்ள பகுதியில் மேல்கம்பிப் பகுதியைவிடச் செலவு அதிகம். அதனால் புறநகரில் வீடு கட்டிய உறவினர் சொன்ன தொகையை மயிலாப்பூருக்கோ தி. நகருக்கோ பொருத்திப் பார்க்காதீர்கள்.

இதில் டெபாசிட் உங்கள் பணம். அதற்கு ஆண்டுதோறும் வட்டி கணக்கிட்டு பில்லில் கழிப்பார்கள். பயன்பாடு கூடினால் கூடுதல் டெபாசிட் கேட்டு பில்லில் ஒரு வரி வரும். அது அபராதம் என்று நினைத்துப் பதற வேண்டாம்.

எல்லாப் பணமும் இணையதளத்திலோ கவுண்டரிலோ கட்டி ரசீது வாங்க வேண்டியது. மீட்டர் வரை கொண்டுவருவதற்குத்தான் அந்தக் கட்டணம். ரசீது தராமல் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். லஞ்சம் கேட்டால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையில் புகார் செய்யலாம்.

எத்தனை நாள் ஆகும்? மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகள், 2024 திருத்தத்தின்படி, மாநகரப் பகுதியில் 3 நாள் என்கின்றன. தாள்கள் முழுமையாக இருந்து, கம்பி நீட்டிப்பு எதுவும் தேவைப்படாத இடத்துக்குத்தான் அந்தக் கணக்கு. கம்பியோ கேபிளோ நீட்ட வேண்டும் என்றால் தமிழ்நாட்டின் செயல்தர விதிகளில் 60 நாள். புது டிரான்ஸ்ஃபார்மர் வேண்டுமென்றால் 90 நாள். நடைமுறையில் சென்னையில் கேபிள் போடச் சாலையை வெட்ட வேண்டியிருந்தால் மாநகராட்சி அனுமதி தனியாக வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாநகராட்சி சாலை வெட்டுக்குத் தடை போடுவது வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் கேபிள் வேலை நடக்கும் என்று நம்பி தை மாதக் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிக்காதீர்கள். தையில் புகுவதானால் ஆடி, ஆவணியிலேயே மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

கட்டுமானத்தின்போது வாங்கிய தற்காலிக இணைப்பு தானாக வீட்டு இணைப்பாக மாறாது. வேலை முடிந்ததும் நீங்கள்தான் மனுக் கொடுத்து மாற்ற வேண்டும். அதேபோல் பக்கத்து வீட்டு இணைப்பிலிருந்து வயர் இழுத்துக் கட்டுமானம் நடத்தினால், மின்சாரச் சட்டம் 2003-ன் 126-ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு விதிக்கலாம். பில் வருவதோ கரண்ட் கொடுத்து உதவிய பக்கத்து வீட்டுக்காரருக்கு.

5. சிலிண்டர்: தாள் குறைவு, ஆனால் குடும்பக் கணக்கு கறார்

இண்டேன், பாரத் கேஸ், ஹெச்.பி. மூன்றுக்கும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றே. எந்த நிறுவனம் என்பதைவிட உங்கள் தெருவுக்கு எந்த ஏஜென்ஸி ஒழுங்காக சிலிண்டர் கொண்டுவருகிறது என்பதே முக்கியம், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். லிஃப்ட் இல்லாத மாடி வீடு என்றால் மேலே ஏற்றித் தருவார்களா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

கே.ஒய்.சி. படிவம், ஆதார், போட்டோ, வங்கிக் கணக்கு விவரம், முகவரிச் சான்று, ரேஷன் கார்டு இருந்தால் அதன் நகல். ஆதாரில் மதுரையோ திருநெல்வேலியோ இருந்தால் அது அடையாளத்துக்கு மட்டும். முகவரிக்கு வாடகை ஒப்பந்தத்தையும், வீட்டுக்காரர் பெயரில் உள்ள ஈ.பி. பில்லையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டிலும் கதவு எண் ஒன்றாக இருக்க வேண்டும். சென்னையில் பழைய எண், புது எண் என்று இரண்டு ஓடுவதால், ஒப்பந்தம் எழுதும்போதே இரண்டையும் எழுதிவிடுங்கள்.

ஒரு அடுப்படிக்கு ஒரு வீட்டு இணைப்புதான். உங்கள் பெயர் இன்னும் ஊரில் அப்பா அம்மா ரேஷன் கார்டில் இருந்து, அங்கே இணைப்பும் இருந்தால், இங்கே மனு சிக்கக்கூடும். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள் முதலில் பழைய கார்டில் பெயர் நீக்கம், பிறகு புதுக் கார்டு, கேஸ் என்று போவது சுத்தமான வழி. புதுக் கார்டுக்கான மனுவிலும் கேஸ் விவரம் கேட்பார்கள். இணைப்பு இல்லையென்றால் இல்லை என்றே எழுதி, வந்தபின் திருத்தலாம்.

செலவைத் துல்லியமாகச் சொல்லலாம். 2022 ஜூன் முதல் 14.2 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட் 2,200 ரூபாய், ரெகுலேட்டருக்கு 250. ஒரு சிலிண்டர் இணைப்புக்கு 2,450. இரண்டு சிலிண்டர் என்றால் 4,650. 5 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட் 1,150. இதில் கேஸ் விலை சேராது. முதல் சிலிண்டரின் விலை, ரப்பர் டியூப், புத்தகம், பொருத்தும் கட்டணம் எல்லாம் தனி. இந்த டெபாசிட்டுக்கு வட்டி கிடையாது. அடுப்பை ஏஜென்ஸியிடம்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அரிசி, தேயிலைத்தூள் என்று எதையாவது தலையில் கட்டினால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பில்லில் ஒவ்வொரு வரியையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பணம் கட்டியதும் சப்ஸ்கிரிப்ஷன் வவுச்சர் தருவார்கள். அதைப் பத்திரம்போல வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பை ஒப்படைக்கும்போது அதில் எழுதிய தொகைதான் திரும்பக் கிடைக்கும். தொலைந்தால் உறுதிமொழிப் பத்திரம் எழுதித்தர வேண்டியிருக்கும்.

வெளியூரிலிருந்து இணைப்போடு வருகிறவர்கள் புதிதாக வாங்க வேண்டாம். பழைய ஏஜென்ஸியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெபாசிட்டைப் பெற்று, டெர்மினேஷன் வவுச்சர் வாங்கி வந்து, இங்குள்ள ஏஜென்ஸியில் கொடுத்தால் அதே இணைப்பு தொடரும். சென்னைக்குள்ளேயே பகுதி மாறினால் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை, மாற்று ஆவணம் போதும்.

தாள்கள் சேரும்வரை சமைக்க வேண்டுமே என்றால், அடையாள அட்டை மட்டும் காட்டி வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் இருக்கிறது. விலை அதிகம்தான். மேன்ஷனிலும் அறை எடுத்தும் தங்குகிறவர்களுக்கு அதுவே நேர்வழி. பெரிய சிலிண்டரிலிருந்து சிறியதில் நிரப்பித் தரும் கடைகள் பக்கம் போகவே போகாதீர்கள். உயிரோடு விளையாடுகிற வேலை அது.

6. குழாய் எரிவாயு: உங்கள் கட்டடத்துக்கு வந்திருக்கிறதா?

சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களுக்கு உரிமம் பெற்றது டோரண்ட் கேஸ். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கம் ஏஜி அண்ட் பி பிரதம் என்ற பெயரில் உரிமம் பெற்ற நிறுவனம். சிலிண்டரைப்போல மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. உங்கள் பகுதிக்கு யாரோ அவர்தான். தாம்பரம், மேடவாக்கம் பக்கம் இருப்பவர்கள் தங்கள் இடம் எந்த மாவட்டத்து எல்லையில் விழுகிறது என்று முதலில் பாருங்கள்.

தெருவில் குழாய் இருந்தால் மட்டும் போதாது. அடுக்ககத்துக்குள் மேலேறும் குழாய்க்குக் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும். தனி ஆளாகப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பதைவிட, சங்கக் கூட்டத்தில் பேசி, விருப்பமுள்ள வீடுகளின் பட்டியலோடு போவது வேகமாக நடக்கும். வாடகைக்கு இருப்பவர் என்றால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், ஏனென்றால் சுவரில் துளை போடுவார்கள்.

அதன்பின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, திரும்பப் பெறக்கூடிய வட்டியில்லா டெபாசிட், அளவெடுப்பு, குழாய் பொருத்துதல், அழுத்தச் சோதனை, கடைசியாக கேஸ் திறப்பு. வீட்டுக்குள் குறிப்பிட்ட நீளம் வரைதான் குழாய் கட்டணத்தில் அடங்கும். அதற்கு மேல் நீண்டால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் தனிப் பணம். அளவெடுக்க வரும்போது மீட்டர், வால்வு, அடுப்பு மூன்றின் இடத்தையும் நீங்கள் கூடவே நின்று முடிவு செய்யுங்கள். குழாய் கண்ணுக்குத் தெரியும்படிதான் போக வேண்டும். மாடுலர் கிச்சன் போட்டுப் பலகைக்குள் மறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அது நடக்காது. குழாய் வேலை முடிந்த பிறகு மரவேலை என்று வரிசையை வையுங்கள்.

அடுப்பையும் மாற்றியமைக்க வேண்டும். சிலிண்டர் கேஸ் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் வருகிறது, குழாய் கேஸ் 21-ல். அதனால் பர்னரின் ஜெட் துளையைப் பெரிதாக்குவார்கள். மாற்றிய அடுப்பில் மறுபடி சிலிண்டரை மாட்டினால் சுடர் கட்டுக்கடங்காமல் எழும். சில கண்ணாடி ஹாப்களில் ஜெட் மாற்ற முடியாது. வாங்கும்முன் கடையில் கேளுங்கள்.

குழாயில் கேஸ் வந்து அடுப்பு எரிகிறவரை சிலிண்டரை ஒப்படைக்க வேண்டாம். பதிவு செய்வதற்கும் கேஸ் திறப்பதற்கும் நடுவில் வாரங்கள், சில கட்டடங்களில் மாதங்கள் ஓடும். வந்தபின் சிலிண்டரை ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

7. எதை முதலில் செய்வது

மின்சாரம் முதலில். ஈ.பி. பில் கேஸுக்கும் முகவரிச் சான்றாக உதவும். கேஸ் புத்தகம் மின் இணைப்புக்கு எந்த விதத்திலும் உதவாது. வயரிங் நடக்கும் கட்டத்திலேயே கேஸையும் நினைத்துக்கொள்ள வேண்டியது அடுப்படியில்தான். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் நிற்கும் இடத்தருகே கீழ்மட்டத்தில் பிளக் பாயிண்ட் எதுவும் வேண்டாம். சிலிண்டர் அலமாரிக்குக் கீழே காற்றுத் துளை வேண்டும். குழாய் கேஸ் காற்றைவிட லேசானது, மேலே போகும். கூரையை ஒட்டி வென்டிலேட்டர் வேண்டும். எது வரப்போகிறதோ தெரியாது என்றால் மேலும் கீழும் இரண்டு துளையும் விட்டுக் கட்டுங்கள். செலவு அதிகமில்லை.

புதிதாக இணைப்பு வாங்கியவர்களைக் குறிவைத்து, இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று குறுஞ்செய்தி வரும். கேஸ் கே.ஒய்.சி. புதுப்பிக்க ஒரு செயலியைத் தரவிறக்கச் சொல்லியும் வரும். இரண்டும் மோசடி. சிலிண்டர் டெலிவரிக்கு வரும் குறியீட்டைக் கொண்டுவந்து தருகிறவரிடம் நேரில் மட்டும் சொல்லுங்கள்.

8. நாள் கடந்தால் எங்கே கேட்பது

மின்சாரத்துக்கு மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987, நாள் முழுதும் எடுப்பார்கள். புகார் எண் வாங்குங்கள். பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர், அவருக்கு மேல் உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர். அதிலும் நகரவில்லையென்றால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுக்கலாம்; வக்கீல் தேவையில்லை. அங்கே வரும் உத்தரவில் திருப்தி இல்லையென்றால் கிண்டியில் மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு.

சிலிண்டருக்கு மூன்று நிறுவனங்களுக்கும் பொதுவான இலவச எண் 1800 2333 555. கசிவு என்றால் 1906. சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் நின்று அழையுங்கள். ஏஜென்ஸி மீதான புகார்களுக்கு மாவட்ட நிர்வாகம் நடத்தும் எரிவாயு நுகர்வோர் குறைதீர் கூட்டத்துக்கும் போகலாம். ஏஜென்ஸி ஆட்களும் எண்ணெய் நிறுவன அதிகாரிகளும் ஒரே மேசையில் இருப்பதால் சின்னச் சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

எங்கே போனாலும் மனு எண், மனுப் போட்ட தேதி, பணம் கட்டிய ரசீது மூன்றின் நகலையும் எடுத்துப் போங்கள். கொடுக்கும் கடிதத்தின் இரண்டாம் படியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மன்றத்தில் நாள் கணக்கு பேசும்போது அந்த முத்திரைத் தேதியைத்தான் பார்ப்பார்கள்.